கூப்பிடாத வாசல்

என் அண்ணன் ஸ்ரீதரனின் கல்யாணத்துக்கே நான் மூன்று பஸ் மாறிப் போனவள். அவர் பலாங்கொடையில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோதும் அப்படித்தான். அதனால் 2005 வெசாக் லீவுக்கு, "எல்லாரும் சேந்து டேமுக்குப் போறோம் குமாரி, தங்குறதுக்கு சர்க்கிட் பங்களா எடுத்தாச்சு, ஒனக்கும் மகளுக்கும் றக்வானைக்கே வேன் வரும்" என்று அவர் போனில் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் என்னோடு இருக்கும் பெண்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வேன் ஓட்டிய ஸப்ரி நானாவுக்கு மட்டும்தான் அந்தப் பயணம் பிடிக்கவில்லை. பலாங்கொடை தாண்டியதும் மழை முன்கண்ணாடியை மூடிவிட்டது.

"இந்த மழைல டேம் பாக்க யாரு தங்கச்சி போற? வெளிய கால் வெக்க ஏலாது," என்றார்.

"எங்க அண்ணனுக்கு ஒரு யோசன வந்தா வந்ததுதான் நானா. மழையும் அவரக் கேட்டுட்டுத்தான் பெய்யணும்."

பின்சீட்டில் என் மகள் நிரோஷினி சிரித்தாள். பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு அப்பா இல்லாமல் இல்லை. கொழும்புக்கு வேலைக்குப் போனவர் அங்கே இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவாகிவிட்டார். எனக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அவள் ஒருத்திதான்.

ஒரு வளைவில் டேம் தெரிந்தது. மலைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் அகலமான தண்ணீர். கரையோரம் பட்ட மரங்கள் இடுப்பளவு ஆழத்தில் நின்றன.

"எங்க ஊரு அதுக்குள்ளதான் இருக்கு," என்று காட்டினேன்.

"எங்கம்மா?"

எனக்கே இடம் தெரியவில்லை.

தண்ணீருக்குக் கீழே கிடப்பது எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கு. நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீடு, தண்ணீர் பிடித்த பீலிக்கரை, மாரியம்மன் கோயில் மேடை, அதற்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் என் தங்கச்சி.

அவள் பேரை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை எங்களுக்குக் கன்னி சாமி. காய்ச்சல் கண்டு அவள் போனபோது அவளுக்கு இப்போது நிரோஷினிக்கு ஆகும் வயதுதான். தை மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை புதுக் கவுன், வளையல், ரிப்பன், அவளுக்குப் பிடித்த பேபி பவுடர் எல்லாம் ஓலைப் பெட்டியில் வைத்துப் படைப்போம். சின்னப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அம்மா அவள் பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவாள். மற்ற நாட்களில் 'புள்ள' என்று சொல்வதோடு சரி. பேரைச் சொன்னால் கூப்பிட்டதாகிவிடும். மூன்று தரம் கூப்பிட்டால் கன்னி வந்துவிடுவாள். கூப்பிடாத வாசலை அவள் தாண்டமாட்டாள்.

டேமுக்குத் தண்ணீர் விடப் போகிறார்கள் என்று தொண்ணூற்றிரண்டில் எங்களை எல்லாம் மேலே கிளப்பினார்கள். அப்போது ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சாமி நின்ற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, புது வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிடிமண் வந்தால் சாமியும் வரும். அதற்கு முறை இருக்கிறது. கூடப்பிறந்த ஆண்பிள்ளை குளித்து ஈரத்துணியோடு போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். வீட்டு வாசலுக்குள் கால் வைக்கும்வரை பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக்கூடாது. திரும்பினால் சாமி நின்ற இடத்துக்கே போய்விடும்.

எங்கள் அப்பா இருளப்பன் அதற்குள் தவறிவிட்டார். நிரோஷினியை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் நிறைமாதமாக இருந்தேன். அண்ணன்தான் போனார். சாயந்திரம் மழையில் நனைந்து மஞ்சள் முடிச்சோடு வந்தார். அம்மா ஆலம் சுற்றி அதை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பதின்மூன்று வருஷமாக அந்த முடிச்சைத்தான் நாங்கள் கும்பிட்டு வந்தோம்.

பங்களா வாசலில் வேன் நின்றதும் அண்ணி குடையோடு ஓடி வந்தார். குடை என் மகளுக்கு. நான் நனைந்துகொண்டே பையை இறக்கினேன்.

உள்ளே வீடு நிறைய ஆட்கள். சித்தப்பா குடும்பம், பெரியம்மா பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். ஒரு பக்கம் கேரம் போர்டு, ஒரு பக்கம் ரேடியோ, கம்பியில் காயாத துணிகள். அம்மா மூக்காயி நாற்காலியில் இருந்து எழுந்து வந்து என்னைத் தாண்டிப் போய் நிரோஷினியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். அத்தனை வருஷத்தில் என் மகளை அவள் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். அண்ணி அவளுக்குத் தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டு சிவப்பு ரிப்பன் கட்டினார். சித்தி தன் தட்டில் இருந்த கோழிக் காலை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அண்ணன், "மாமா ஒனக்குப் புதுக் கவுன் வச்சிருக்கேன், நாளைக்குப் போடலாம்" என்றார். அப்பா இல்லாத பிள்ளை மேல் குடும்பத்துக்கு இவ்வளவு பாசமா என்று நான் பூரித்துப் போனேன். பாசத்துக்கு ஏங்கிக் கிடப்பவளை ஏமாற்ற ஒரு குடையும் ஒரு கோழிக்காலும் போதும்.

அண்ணன் மகள் டிலுக்‌ஷியை மட்டும் காணவில்லை. மேலுக்கு முடியாமல் பின்அறையில் படுத்திருக்கிறாள் என்றார்கள்.

பங்களா காவல்காரர் பியசேன தேத்தண்ணீர் கொண்டுவந்தபோது அண்ணனிடம், "மஹத்தயா, ஹவஸட்ட வத்துர லங்கட்ட யன்ட எப்பா," என்றார். சாயந்திரமானால் தண்ணீர்ப் பக்கம் போகாதீர்கள் என்று. ஏன் என்று நான் சிங்களத்திலேயே கேட்டேன். மழை நாட்களில் ஒரு பெண்பிள்ளை கரையில் நின்று அழுகிறது, தமிழில் ஏதோ சொல்கிறது, எனக்கு விளங்காது, முதலில் லயத்துப் பிள்ளை என்று நினைத்தேன், ஆனால் இந்தப் பக்கம் இப்போது லயமே இல்லையே நோனா என்றார் அவர்.

அண்ணன் அவரைச் சட்டென்று வெளியே அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தவள் நான்தான். மழை சற்று ஓய்ந்திருந்தது. விறாந்தைப் படிகளில் ஈரக் காலடிகள். செருப்பில்லாத சின்னக் கால்கள், தண்ணீர்ப் பக்கமிருந்து ஏறி வந்திருந்தன. கடைசித் தடம் வாசல் நிலைக்கு முன்னால் நின்றது. உள்ளே எதுவும் இல்லை. திரும்பிப் போன தடமும் இல்லை.

பேபி பவுடர் வாசம் அடித்தது.

பின்னாலேயே வந்த அம்மா குனிந்து அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"புள்ளைங்க வெளாடியிருக்கும். நீ போயி அடுப்பப் பத்த வையி."

வெளியே யார் பிள்ளையும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அம்மா சொன்னால் கேட்டே பழகிய உடம்பு.

அன்று முழுக்க மழை. யாரும் வெளியே போகவில்லை, யாரும் சலித்துக்கொள்ளவும் இல்லை. லீவுக்கு வந்த கூட்டம் இப்படி வாயைப் பொத்திக்கொண்டு மழையைப் பார்த்து நான் பார்த்ததில்லை. சாயந்திரம் என்னை ரொட்டி சுடச் சொல்லிச் சமையலறையில் உட்கார வைத்தார்கள். பெரிய குடும்பத்தில் லீவு என்றால் யாருக்கு லீவு என்பது தெரிந்ததுதானே.

மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கேரம் காய்களின் சத்தம் நின்றது.

ரேடியோவும் நின்றது.

எழுந்து வந்து பார்த்தேன். ஹோலில் ஒருவரும் இல்லை. அறைக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் இருப்பது தெரிந்தது. யாரோ மெதுவாக இருமினார்கள். பின்அறைக் கதவில் மட்டும் வேப்பங்கொத்து செருகியிருந்தது. தள்ளித் திறந்தேன்.

டிலுக்‌ஷி கட்டிலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளை, கண்ணுக்குக் கீழே கருவளையம். கையில் மஞ்சள் கயிறு.

"அத்தை, உள்ள வராதீங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "முடியட்டும்னு சொன்னாங்க."

"என்னா முடியட்டும்?"

"அந்தப் புள்ள. தல நனைஞ்ச புள்ள. எங்க வீட்டுல தையில படைச்சுக் கூப்புட்டதுல இருந்து டெய்லி எங் கட்டிலுக்குக் கீழ வந்து ஒக்காந்துக்கும் அத்தை. ஒங்கப்பா என்னயக் கூப்புடவே இல்லன்னு அழும். இனி எங்கிட்ட வராதாம். நிரோவோட போயிருமாம்."

என் கையில் மாவு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"நிரோ எங்க?"

"அப்பாவோட தண்ணிக்குப் போயிருக்கா. அந்தப் பெட்டிக் கவுனப் போட்டுக்கிட்டு."

ஓடினேன். முன்வாசலில் அம்மா நின்றாள். கையில் ஆலம் தட்டு, மஞ்சள் தண்ணீர், வாசல் நிலையில் ஏற்றி வைத்த விளக்கு. என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழவிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"போகாத குமாரி. இன்னுங் கொஞ்ச நேரந்தான்."

"என்னம்மா செய்றீங்க எம் புள்ளைய?"

"அவன் மண்ணு எடுக்கவே இல்லடி." அம்மா கிசுகிசுத்தாள். "அன்னைக்கி மழையும் அட்டையும்னு பாதி வழில திரும்பிட்டானாம். ரோட்டோரத்துல ஒரு பிடி அள்ளி முடிஞ்சிட்டு வந்திருக்கான். கோடாங்கி குறி பாத்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. இத்தன வருசமா எம் புள்ள அந்தத் தண்ணிக்குள்ள கெடக்குறா. நான் ரோட்டு மண்ணுக்குப் பொங்க வச்சிருக்கேன்."

"அதுக்கு நிரோஷினி என்னா செஞ்சா?"

"இப்ப மண்ணு எடுக்க முடியாதே. வயசுக்கு வந்த பொண்ணு ஒருத்தி அவ உடுப்பப் போட்டு நின்னா, அந்தப் பொண்ணு மேல நம்ம புள்ள ஏறி வருவாளாம். இந்த வெளக்கத் தாண்டி உள்ள வந்துட்டா பொறவு போகமாட்டாளாம்."

"அப்போ எம் மக?"

அம்மா என் கையை இன்னும் இறுக்கினாள்.

"அண்ணனுக்கும் பொண்ணு இருக்குல்ல? டிலுக்‌ஷி நிக்கலாமே!"

"அது டவுன்ல படிக்கிற புள்ளடி. நாளைக்கி நல்ல எடத்துல குடுக்கணும். ஒம் மக..." அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பன் இல்லாத புள்ள. தோட்டத்துல தானே இருக்கப் போறா. அவ இவளா இருந்தா என்னா, இவ அவளா இருந்தா என்னா? ரெண்டும் நம்ம புள்ளைங்கதானே குமாரி."

அந்த நிமிஷம் குடையும் கோழிக்காலும் ரிப்பனும் எதற்கென்று விளங்கியது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வேன் அனுப்பிக் கூட்டி வந்தது என்னை இல்லை. பெற்ற தாயே என் பிள்ளைக்கு விலை பேசி முடித்திருந்தாள். கையை உதறிக்கொண்டு படியில் பாய்ந்தேன்.

சரிவில் வழுக்கிக்கொண்டே இறங்கினேன். மழை தூறலாகியிருந்தது. இருட்டவில்லை, வெளிச்சமும் இல்லை. கீழே கரையில் அண்ணன் ஈர வேட்டியோடு தண்ணீரைப் பார்த்து நின்றார். அவருக்குப் பக்கத்தில், முழங்கால் தண்ணீரில், மஞ்சள் கவுனும் சிவப்பு ரிப்பனுமாக என் மகள்.

"மாமா, குளிருது," என்றாள். "மேல போவோமா?"

"இந்தா ஆச்சும்மா," என்றார் அண்ணன்.

பிறகு கூப்பிட்டார். நான் பத்தொன்பது வருஷமாக வாய்விட்டுச் சொல்லாத பேர்.

"ஷாமிளா, வா."

தண்ணீரில் விழுந்துகொண்டிருந்த தூறல் சத்தம் நின்றது.

"ஷாமிளா, வா."

"அண்ணே, வேணாண்ணே!" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை.

"ஷாமிளா, வா."

பட்ட மரங்களுக்கு நடுவே தண்ணீர் ஒரு தரம் அசைந்தது. அந்த அசைவு நேராக என் மகளை நோக்கி வந்தது. அவள் முழங்காலில் முட்டி நின்றது.

அண்ணன் திரும்பி பங்களாவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். நிரோஷினி அவர் பின்னால் கரையேறினாள். தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். நடை அவளுடையது இல்லை. இடது காலை லேசாக உள்ளே திருப்பி வைக்கும் அந்த நடையை நான் பீலிக்கரைப் பாதையில் எத்தனையோ தரம் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன்.

"மெதுவாப் போங்கண்ணே," என்றாள் அவள். "காலு நோவுது."

மாமாவை அண்ணே என்றாள்.

அண்ணன் ஒரு கணம் தடுமாறினார். ஆனாலும் திரும்பாமல் நடந்தார்.

நான் ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்தேன். "நிரோ! நிரோம்மா, என்னயப் பாரு!"

நிமிர்ந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, தலை முங்க அவள் இறங்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என் சுண்டுவிரலைத் தன் சுண்டுவிரலால் கொக்கி போட்டுக்கொண்டாள். என் தங்கச்சி அப்படித்தான் பிடிப்பாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனாலும் திருவிழாவுக்குப் போனாலும் அந்த ஒரு விரல்தான்.

"அக்கா," என்றாள். "நீ கிழவியாயிட்டியேக்கா."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அழுதுகொண்டே அவள் கன்னத்தைத் தடவினேன். அவளோடு சேர்ந்து பத்தடி நடந்தும் விட்டேன்.

"ரொம்ப இருட்டுக்கா அங்க. எல்லாரோட சாமியும் போயிருச்சு. நான் மட்டுந்தான் இருந்தேன். யாரோ கூப்புடுவாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"இனி பயமில்லடி," என்றேன். என் வாய்தான் சொன்னது.

அப்போது எனக்குப் பின்னால், தண்ணீரிலிருந்து, இன்னொரு குரல் கேட்டது.

"அம்மா..."

என் பிள்ளையின் குரல்.

"அம்மா, எங்க போறீங்க? என்னயும் கூட்டிப் போங்கம்மா."

திரும்பிப் பார்த்தேன். பட்ட மரங்கள் மட்டும்தான் நின்றன. நான் திரும்பியதால் எதுவும் மாறவில்லை. கூப்பிட்டவர் திரும்ப வேண்டும். அண்ணனுக்கும் அந்தக் குரல் கேட்டிருக்கும். அவர் நடையைக் கூட்டினார். படிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். மேலே அம்மா விளக்குக்குப் பின்னால் தட்டோடு கைநீட்டி நின்றாள்.

"அண்ணே, திரும்புங்கண்ணே! எம் புள்ள தண்ணிக்குள்ள அழுதுண்ணே!"

அவர் முதல் படியில் கால் வைத்தார்.

கெஞ்சி ஆகாது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் பிள்ளைக்காக அந்த ஆள் கழுத்தைத் திருப்பமாட்டான். அவன் பிள்ளைக்காகத் திரும்புவான்.

"அண்ணே! டிலுக்‌ஷி!" நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். "டிலுக்‌ஷி பின்பக்கத்தால ஓடித் தண்ணிக்குள்ள விழுந்துட்டா! முங்குறாண்ணே!"

அவர் திரும்பினார்.

வெறும் கரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

என் சுண்டுவிரலைப் பிடித்திருந்த விரல் தளர்ந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. அடி வாங்கிய பிள்ளை அடித்தவளையே பார்க்குமே, அப்படி ஒரு பார்வை.

"நீயும் பொய் சொல்றியேக்கா," என்றாள்.

விரல் நழுவியது. என் மகள் சேற்றில் விழுந்தாள். தண்ணீர்ப் பக்கம் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கிப் போகும் சலசலப்புக் கேட்டது. மழை மறுபடியும் கொட்டத் தொடங்கியது.

"அம்மா," என்று முனகினாள் நிரோஷினி. "குளிருதும்மா."

அவளைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினேன். படியில் அம்மா தட்டைப் போட்டுடைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எம் புள்ளைய மறுபடி கொன்னுட்டியேடி பாவி!" அண்ணன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் என்னிடம் வரவில்லை. எங்களைத் திருப்பிக் கூட்டிப்போக வேனிலேயே தங்கியிருந்த ஸப்ரி நானா ஒரு கேள்வியும் கேட்காமல் வேனை எடுத்தார். அந்தக் கவுனைக் கழற்றிக் கரைப் பக்கம் எறிந்துவிட்டு அவருடைய சாரத்தை மகளுக்குச் சுற்றினேன்.

பாதி வழியில்தான் அவர் வாய் திறந்தார். "தங்கச்சி, நீங்க ரெண்டு பேருதானே ஏறின?"

"ஓ நானா. ஏன்?"

"ஒண்டுமில்ல," என்றார். அதன் பிறகு றக்வானை வரும்வரை கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை.

அண்ணன் வீட்டோடு அன்றைக்கே எல்லாம் முடிந்துபோனது. யாரும் போன் எடுக்கவில்லை. டிலுக்‌ஷி இப்போது நன்றாகத் தூங்குகிறாள், கட்டிலுக்குக் கீழே எதுவும் வருவதில்லை என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஒரே யோசனை. அங்கே போகவில்லை என்றால் எங்கே போகிறாள்?

நிரோஷினிக்கு அன்று நடந்தது ஞாபகமில்லை. மாமா குளிக்கக் கூட்டிப் போனார், சறுக்கி விழுந்தேன் என்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், சண்டை போடுகிறாள், எல்லாம் பழையபடிதான்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் முதல் காலடியைப் பார்த்தேன். லயத்து முற்றத்துக் கல்லில் ஒரு சின்ன ஈரத் தடம். அடுத்த மழைக்கு அது பீலியைத் தாண்டியிருந்தது. அதற்கடுத்த மழைக்கு எங்கள் காம்பராப் படியில். ஒவ்வொரு தரமும் துடைத்தேன். ஒரு புதுக் கவுன் வாங்கிப் படியில் வைத்தும் பார்த்தேன். விடிந்தபோது அது மடித்தது மடித்தபடி கிடந்தது, ஒரு மூலைகூட நனையவில்லை. என் கையால் கொடுப்பது அவளுக்கு வேண்டாம் போலிருந்தது. இந்த வாசலில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை, அதனால் தாண்டமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது நல்ல மழை. நிரோஷினி உள்காம்பராவில் படித்துக்கொண்டிருந்தாள். விளக்கேற்றலாம் என்று கதவடிக்குப் போனேன்.

பவுடர் வாசம்.

நிலைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஈரக் கால்கள் சேர்ந்து நின்ற தடம். பெருவிரல்கள் என் வீட்டுக்குள் பார்த்திருந்தன. யாரோ நின்று சொட்டிக்கொண்டிருப்பது போல் தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது.

இவ்வளவு தூரம், அத்தனை மலை ஏறி இறங்கி, நடந்தே வந்திருக்கிறாள். என்னால் தாங்க முடியவில்லை. நிலையடியில் உட்கார்ந்து அழுதேன்.

"ஷாமிளா, என்னய மன்னிச்சிக்கடி," என்றேன். "எனக்கு எம் புள்ள வேணும். அதுக்குத்தான் பொய் சொன்னேன். போயிருடி. போயிரு, ஷாமிளா."

சொன்ன பிறகுதான் விளங்கியது.

இரண்டு தரம்.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். மழைச் சத்தம் நின்றது. லயத்தில் எந்தக் காம்பராவிலும் பேச்சு மூச்சில்லை. தடத்தில் தண்ணீர் ஊறுவதும் நின்றது, அவள் காத்துக்கொண்டிருந்தாள். பொத்திய கையை எடுக்காமல் மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன். கதவைச் சாத்திவிட்டால் போதும்.

எனக்குப் பின்னால், உள்காம்பராவில், புத்தகம் மூடும் சத்தம் கேட்டது.

"ஷாமிளா, வா," என்றாள் நிரோஷினி.

நிலைக்கு இந்தப் பக்கம், என் வீட்டுச் சிமெந்துத் தரையில், ஒரு சின்ன ஈரக் கால் பதிந்தது.